உனக்கு ஏன் மார்ட்டின் என்று பெயர்

தூத்துக்குடி
ஏப்ரல் 10

அன்பு மகன் மார்ட்டினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

போன் இருக்கிற காலத்தில் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் கப்பலில் சிக்னல் கிடைத்தால் நாலு நிமிடம் பேசுவோம், அதில் பாதி 'கேட்குதா, கேட்குதா' என்பதிலேயே போய்விடும். நான் சொல்ல வந்தது நாலு நிமிடத்தில் அடங்காது. கையால் எழுதி, தங்கச்சியிடம் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லப் போகிறேன். கரையில் நெட் கிடைக்கும்போது இறக்கிப் படித்துக்கொள். என் கையெழுத்து முன்னைப் போல் இல்லை. பொறுத்துக்கொள்.

ஈஸ்டர் அன்று சாயங்காலம் நீ பேசினாய் அல்லவா? இஸ்தான்புல்லுக்கு வெளியே நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்திருக்கிறோம், அடுத்து கருங்கடல், கான்ஸ்டன்ஸாவில் கோதுமை ஏற்றப் போகிறோம் என்றாய். தூரத்தில் மசூதிக் கும்பங்கள் தெரிகிற போட்டோ அனுப்பினாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தச் சங்கதியைச் சொன்னாய். கோதுமைக்காகச் சரக்கு ஹோல்டு கழுவுகிற வேலை. தூங்காமல் பத்தொன்பது மணி நேரம் நின்ற அந்த பிலிப்பைன்ஸ்காரர் ஏணியிலிருந்து தவறி விழுந்தது. இடுப்பு எலும்பு போனது. ரெஸ்ட் அவர்ஸ் என்கிற ஓய்வு நேரப் பதிவில் அவர் முந்தின நாள் பத்து மணி நேரம் தூங்கியதாக எழுதி இருப்பது. அதற்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது என்று கேப்டன் சொன்னது. 'என்னப்பா செய்யட்டும்' என்று கேட்டாய்.

நான் யோசிக்கவே இல்லை. "நமக்கெதுக்கு வம்பு, வாயை மூடிக்கிட்டு கையெழுத்தைப் போடு" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். லைன் போய்விட்டது. அந்தச் 'சரிப்பா' ஐந்து நாளாகக் காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் உன் பெயரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். சம்பந்தம் இருக்கிறது, படித்துக்கொண்டே வா.

நீ பிறந்தது ஏப்ரல் 13. மறுநாள் சித்திரை ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "இன்றைக்கு முதலாம் மார்ட்டின், பாப்பரசர், மறைசாட்சி" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பெரிய யோசனை ஒன்றும் கிடையாது. உன் அப்பாச்சி கடைசி வரைக்கும் அது துடைப்பம் வைத்திருக்கிற மார்ட்டின் தே போரஸ் என்றே நம்பினாள். உனக்குப் பள்ளிக்கூடத்தில் போர்வையைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்த மார்ட்டின் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பேருமே நல்ல புனிதர்கள்தான், ஆனால் உன் ஆள் இவர்கள் இல்லை. உன் ஆளைப் பற்றி எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். உப்பளத்துக் கணக்குப்பிள்ளைக்குத் திருச்சபை வரலாறு படிக்க நேரம் எங்கே இருந்தது?

அவர் இத்தாலியில் தோடி என்ற ஊர்க்காரர். பாப்பரசர் ஆவதற்கு முன்னால் கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது நீ இப்போது போட்டோ எடுத்து அனுப்பிய அதே இஸ்தான்புல்லில், உரோமையின் தூதராக இருந்தவர். அரண்மனை எப்படி நடக்கிறது, எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் இல்லை அவர்.

அந்தக் காலத்துச் சண்டை, கிறிஸ்துவுக்கு எத்தனை சித்தம், அதாவது எத்தனை விருப்பம் என்பது. சிரிக்காதே. 451இல் கால்சிதோனில் கூடிய சங்கம், அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனிதன், ஒரே ஆளில் இரண்டு இயல்பு என்று முடிவு செய்தது. எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பிறகு அரபுப் படைகள் வந்தன. சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று ஒவ்வொன்றாக, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட உரோமைப் பேரரசின் கையை விட்டுப் போயின. பிரிந்து நிற்கிற கிறிஸ்தவர்களை எப்படியாவது ஒட்டவைக்க வேண்டுமே என்று ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள். இயல்பு இரண்டாக இருந்துவிட்டுப் போகட்டும், சித்தம் மட்டும் ஒன்று, தெய்வ சித்தம்தான் என்றார்கள். 638இல் ஹெராக்ளியஸ் பேரரசர் அதை ஆணையாகவே போட்டார். உரோமையில் இருந்த ஹொனோரியுஸ் என்ற பாப்பரசரே, சொல்லுக்காக எதற்குச் சண்டை என்கிற தோரணையில் அந்தச் சமரசத்துக்கு அதற்கு முன்பே ஒத்து ஊதி எழுதிவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், நம் பக்கமும் சறுக்கல் உண்டு.

இது ஏதோ புத்தகச் சண்டை என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் பெரிய வியாழன் இரவு ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். கெத்சமனி வாசகம் வாசித்தார்கள். 'என் விருப்பப்படி அல்ல. உம் விருப்பப்படியே நிகழட்டும்.' எத்தனை வருஷமாகக் கேட்கிற வசனம்! அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டு விருப்பம் இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? அவருக்குள் மனிதச் சித்தம் என்று ஒன்று இல்லாமல் தெய்வ சித்தம் மட்டும் இருந்திருந்தால், அந்த வேர்வையும் நடுக்கமும் வெறும் நடிப்பாகிவிடும். சாவுக்கு நம்மைப் போலப் பயந்த ஒருவர், பயத்தோடேயே 'சரி' என்று சொன்னார் என்பது போய்விடும். மார்ட்டின் விட்டுக்கொடுக்காதது இதைத்தான்.

ஆனால் அவரைச் சிறையில் தள்ளியது நேரடியாக இந்தக் கேள்வி இல்லை. சண்டை முற்றியதும் 648இல் இரண்டாம் கான்ஸ்தான்ஸ் பேரரசர் புதிதாக ஓர் ஆணை போட்டார். அதற்கு 'திப்போஸ்' என்று பெயர். அது ஒரு சித்தம் என்றும் சொல்லவில்லை, இரண்டு சித்தம் என்றும் சொல்லவில்லை. யாரும் எதுவும் பேசாதீர்கள் என்றது. மீறிப் பேசுகிற ஆயருக்குப் பதவி போகும். துறவியை மடத்திலிருந்து துரத்துவார்கள். அரசாங்க உத்தியோகஸ்தனுக்கு உத்தியோகம் போகும், சொத்துள்ளவனுக்குச் சொத்து போகும். ஒன்றுமில்லாத ஏழைக்குச் சவுக்கடி, பிறகு நாடுகடத்தல். அந்த ஆணை போடும்போது பேரரசருக்கு வயது பதினேழு, பதினெட்டுதான் இருக்கும். பதினோரு வயதில் அரியணை ஏறிய பையன். நாலு பக்கமும் எதிரி, கஜானா காலி. வீட்டுக்குள்ளாவது சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். அவனை அரக்கன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'வாயை மூடிக்கிட்டு இருங்க' என்று சொல்கிறவன் எப்போதும் அரக்கனாக இருப்பதில்லை மக்கா. நானே சொன்னேனே.

649 ஜூலையில் மார்ட்டின் பாப்பரசர் ஆனார். பேரரசரின் ஒப்புதல் வருவதற்குக் காத்திராமல் பட்டம் ஏற்றதே முதல் குற்றம். அதே ஆண்டு அக்டோபரில் உரோமையின் இலாத்தரன் கோயிலில் 105 ஆயர்களைக் கூட்டினார். கிழக்கிலிருந்து அரபுப் படைகளுக்குத் தப்பி வந்த கிரேக்கத் துறவிகள் உரோமையில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பெரிய மூளை மாக்சிமுஸ். ஐந்து அமர்வுகள் நடந்தன. ஒரு சித்தக் கொள்கை தவறு, ஹெராக்ளியஸின் ஆணை தவறு, இந்தத் 'திப்போஸ்' தவறு, அதற்குத் துணைபோன கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபைத் தலைவர்களான முதுபெரும் தந்தையர் மூன்று பேரும் சபிக்கப்பட்டவர்கள் என்று தீர்மானம் போட்டு, லத்தீனிலும் கிரேக்கத்திலும் எழுதி ஊரெல்லாம் அனுப்பினார்கள். பேசாதே என்றவனுக்கு இரண்டு மொழியில் பதில்!

இதற்குள் பேரரசர் இத்தாலிக்கு ஒலிம்பியுஸ் என்ற ஆளுநரை அனுப்பியிருந்தார். அவரைப் பற்றி உரோமையில் எழுதிவைத்த ஒரு கதை உண்டு. மரியன்னை பெரிய கோயிலில் பூசையின்போது, பாப்பரசர் ஒலிம்பியுஸுக்கு நற்கருணை கொடுக்க வருகிற நேரத்தில் மெய்க்காவலன் அவரை வெட்ட வேண்டும் என்று ஏற்பாடாம். அந்த நேரத்தில் அவனுக்குக் கண் தெரியாமல் போய்விட்டதாம். நடந்ததோ இல்லையோ, அந்தக் கோயில் எது தெரிகிறதா? ஆகஸ்ட் 5 அன்று பனி விழுந்த இடம் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட அதே கோயில்தான். நம் பனிமய மாதாவின் தாய் வீடு. நீ தேர் வடம் பிடித்து இழுத்தாயே, அந்தத் திருநாளின் மூலக் கோயில் அது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒலிம்பியுஸ் கடைசியில் பாப்பரசரோடு சமாதானமாகிவிட்டார். பேரரசருக்கு எதிராகவே திரும்பினார், 652இல் சிசிலியில் நோய் கண்டு செத்தார். அடுத்த ஆளுநர் காலியோப்பாஸ் பெரிய படையோடு 653 ஜூனில் உரோமைக்குள் வந்தார். மார்ட்டின் அப்போது எழுந்து நடக்க முடியாத நோயாளி, மாதக்கணக்காகப் படுக்கை. கட்டிலோடு கோயிலுக்குள் தூக்கிவரச் சொல்லி பீடத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டார். ஆயுதமும் கல்லும் குவித்து வைத்திருக்கிறாயாமே என்று சோதனை போட்டார்கள். ஒன்றும் இல்லை. பிறகு கேடயம், ஈட்டி, வில்லோடு சிப்பாய்கள் உள்ளே நுழைந்தார்கள். குளிர்காற்றில் மரத்து இலை உதிர்வது மாதிரி கோயில் மெழுகுவர்த்திகள் தரையில் விழுந்தன என்று அவரே பிற்பாடு எழுதுகிறார். கொல்ல வருகிறார்கள் என்று தெரிந்த நேரத்திலும் மெழுகுவர்த்தி விழுந்தது கண்ணில் பட்டிருக்கிறது பார்.

அவருக்காக ஜனம் சண்டை போடத் தயாராக இருந்தது. இரத்தம் சிந்த வேண்டாம் என்று அவரே தடுத்தார். குருக்கள் எல்லோரும், 'அவரோடு வாழ்வோம், அவரோடு சாவோம்' என்று சத்தம் போட்டார்கள். இந்த வாக்கியத்தையும் மனதில் வைத்துக்கொள். ஆனால் இராத்திரியோடு இராத்திரியாக ஆறு வேலைக்காரப் பையன்களையும் குடிக்க ஒரே ஒரு குவளையையும் கொடுத்து அவரைத் திபேர் ஆற்றில் படகேற்றிவிட்டார்கள். யாரும் பின்னால் போகக் கூடாது என்று நகரத்து வாசல்களைப் பூட்டினார்கள்.

கடல் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. வயிற்றுப்போக்கு, மூட்டுவீக்கம். கப்பலே அவருக்குச் சிறை, தீவுகளில் நின்றபோதுகூட இறங்க விடவில்லை. நக்சோஸ் தீவில் மட்டும் இரண்டு மூன்று தடவை குளிக்க விட்டார்கள். அங்கே ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்த பொருளைக் காவலர்கள் பிடுங்கிக்கொண்டு, கொடுத்தவர்களையும் அடித்தார்கள். பிற்பாடு ஒரு கடிதத்தில், சுடுதண்ணியோ பச்சைத்தண்ணியோ உடம்பில் பட்டு இன்றைக்கு 47 நாள் என்று கணக்குச் சொல்கிறார். எண்ணி இருக்கிறார், பாவம்.

செப்டம்பர் 17ஆம் தேதி கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகம். நீ நங்கூரம் போட்டு நின்றாயே, அந்தக் கடல்தான். விடியற்காலம் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் அவரைக் கப்பல் தளத்தில் ஒரு பாயில் கிடத்தி, போகிறவன் வருகிறவனெல்லாம் ஏச விட்டார்கள். முன்பு தூதராக மரியாதையோடு நடந்த ஊர் அது. பிறகு ஸ்ட்ரெச்சர் மாதிரி ஒன்றில் வைத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 93 நாள் யாரோடும் பேச்சு இல்லை.

டிசம்பரில் விசாரணை. விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றச்சாட்டு எல்லாமே இராஜத்துரோகம்: ஒலிம்பியுஸோடு சேர்ந்து கலகம் செய்தான், அரபியருக்குக் கடிதமும் பணமும் அனுப்பினான். சாட்சிகள் ஒலிம்பியுஸிடம் வேலை பார்த்த சிப்பாய்கள், முதலிலேயே சொல்லிக்கொடுத்துத் தயார் செய்யப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்ததும் மார்ட்டின் சிரித்தாராம், இவர்கள்தான் சாட்சிகளா என்று. அவர்கள் வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்யப் போனபோது, "சத்தியம் வாங்காதீர்கள், சொல்ல வேண்டியதைச் சும்மாவே சொல்லட்டும், அவர்கள் ஆன்மா ஏன் கெட வேண்டும்" என்று நீதிபதிகளிடம் கேட்டுக்கொண்டார். இந்த இடத்தை நான் பல தடவை படித்துவிட்டேன். பொய்ச் சாட்சிக்காரனுக்காகப் பரிந்து பேசுகிற குற்றவாளியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

ஒலிம்பியுஸை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். "இத்தாலியின் படை முழுவதையும் கையில் வைத்திருந்தவரை நான் எப்படித் தடுப்பேன்? அவரை ஆளுநராக்கியது நானா?" என்றார். அந்தக் 'திப்போஸ்' ஆணையைப் பற்றி வாய் திறந்ததும், "இங்கே விசுவாசத்தை இழுக்காதே, நாங்களும் கிறிஸ்தவர்கள்தான்" என்று ஓர் அதிகாரி அடக்கினார். பேச வேண்டிய ஒரே விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிய நீதிமன்றம்.

தீர்ப்பு முடிந்ததும் அவரை வெளியே உயரமான தளத்துக்குக் கொண்டுபோனார்கள். பேரரசர் தன் அறைச் சாளரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலங்கியை உரித்து, உள்ளங்கியை மேலிருந்து கீழ் வரைக்கும் கிழித்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்து, இவனைச் சபியுங்கள் என்று கட்டளை. சத்தம் போட்டவர்கள் சுமார் இருபது பேர்தான். மற்ற எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வருத்தத்தோடு கலைந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்த இருபது பேரை எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு போனவர்களை நன்றாகத் தெரியும். அதில் ஒருவன் உன் அப்பன்.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கிறபோது நடந்தது. பாத்தியில் உப்பு வாரி அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. ஒரு அக்கா, நம்மைவிட இல்லாதப்பட்ட குடும்பம், தலையில் உப்புச் சட்டியோடு வரப்பில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்டஈடு என்று பேச்சு வரும் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவ இன்னைக்கு வேலைக்கே வரல, பாத்துக்கோ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, காப்பி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அன்றைய கட்டத்தில் என் கையாலேயே போட்ட டிக் இருந்தது. ஸ்கேலை வைத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்தேன், பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதினேன். மை காயட்டும் என்று ஊதிவிட்டேன். அந்த மாதம்தான் உனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மைதான், ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

அந்த அக்கா என்னை ஏசவில்லை. கோயிலில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். கை கடைசி வரைக்கும் தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. உன் அம்மாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை. இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கும்போது தங்கச்சி படித்துவிடுவாள். படிக்கட்டும்.

சரி, மார்ட்டினிடம் வருவோம். கழுத்தில் வளையத்தோடு, முன்னால் ஒருவன் வாளை ஏந்திப் போக, ஊர் நடுவே இழுத்துப்போய் கொலைகாரர்கள் இருந்த சிறையில் தள்ளினார்கள். கடும் குளிர். கரடுமுரடான படிகளில் இழுத்ததில் கால் கிழிந்து இரத்தம் வழிந்தது. சிறைச் சாவி வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, கனமாகப் போர்த்திவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பெண்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அந்த நேரத்தில், மார்ட்டின் கூட்டிய சங்கம் சபித்த மூன்று பேரில் ஒருவரான முதுபெரும் தந்தை பவுல் சாகக் கிடந்தார். நடந்ததைச் சந்தோஷமாகச் சொல்லப் பேரரசர் போனார். பவுல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, 'ஐயோ, என் தீர்ப்பில் இதுவும் சேர்ந்துவிட்டதே' என்றாராம். அவர் கேட்டுக்கொண்டதால்தான் மரண தண்டனை நாடுகடத்தலானது என்கிறார்கள். எதிரியே இரக்கப்பட்டிருக்கிறான். சொந்த ஊர்?

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத பகுதி. இன்னும் 85 நாள் சிறையில் வைத்து, 654 மார்ச்சில் கப்பலேற்றி, மே 15இல் கெர்சோனில் இறக்கினார்கள். செய்தியில் அடிபடுகிற கெர்சோன் நகரம் இல்லை, அது வேறு. இது கிரிமியாவில், செவஸ்தபோல் ஓரத்தில் இருந்த பழைய துறைமுகம். நீ கான்ஸ்டன்ஸாவுக்குப் போகிற அதே கருங்கடலின் வடக்குக் கரை. அங்கேயிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இங்கே ரொட்டி என்று பேச்சு மட்டும் இருக்கிறது, ரொட்டியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்கிறார். உப்பு ஏற்றிப் போக வருகிற சின்னப் படகுகளை எதிர்பார்த்திருந்து அவற்றிடம் கொஞ்சம் தானியம் வாங்க வேண்டும். உப்பை மலை மாதிரிக் குவித்து, ரொட்டிக்கு ஏங்கிய ஊர். உப்பளத்தில் முப்பத்தி நாலு வருஷம் இருந்த எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. இன்றைக்கு அதே கடலில் உன் கப்பல் ஆயிரக்கணக்கான டன் கோதுமை ஏற்றப் போகிறது.

அவர் வந்து ஒரு மாதம் கழித்து ஒரு ஆள் கப்பலில் வந்தான். இத்தாலியிலிருந்து ஏதாவது கொடுத்தனுப்பி இருப்பார்கள் என்று சந்தோஷமாகப் போய்க் கேட்டார். ஒன்றும் இல்லை. இன்னொரு கடிதத்தில், என்னோடு இருந்தவர்கள் என்னை இப்படி ஒரேயடியாக மறந்துவிட்டார்களே, நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூட அவர்களுக்கு விருப்பம் இல்லையே என்று எழுதுகிறார். உரோமைக் கோயிலுக்கு நிலபுலன் எத்தனை! ஒரு மூட்டை கோதுமை, கொஞ்சம் எண்ணெய் அனுப்ப முடியாதா? 'அவரோடு வாழ்வோம், அவரோடு சாவோம்' என்றவர்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே, 654 ஆகஸ்டில் எவுஜேனியுஸ் என்பவரைப் புதுப் பாப்பரசராக்கிவிட்டார்கள். அரண்மனை நெருக்கியது உண்மைதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ஆளுக்கு ஒரு பள்ளிக்கூட ஃபீஸ் இருந்திருக்கும்.

இவரோ அவர்கள் விசுவாசத்தில் நிலைத்திருக்கவும், 'இப்போது அவர்களை மேய்க்கிறவருக்காகவும்' மன்றாடுகிறார். தன் இடத்தில் உட்கார்ந்தவருக்காக! இந்த என் எளிய உடம்பை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அவர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று முடிக்கிறார். 655 செப்டம்பர் 16இல் போய்ச் சேர்ந்தார். மறைசாட்சி என்று வணங்கப்படுகிற பாப்பரசர்களில் அவரே கடைசி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 662இல் மாக்சிமுஸின் நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள், பேசவும் கூடாது எழுதவும் கூடாது என்று. கான்ஸ்தான்ஸ் 668இல் சிசிலியில் குளிக்கும் அறையில் கொல்லப்பட்டார். அவர் மகன் கூட்டிய சங்கம் 681இல் அதே கான்ஸ்டான்டிநோபிளில், சித்தம் இரண்டு என்று முடிவு சொன்னது. மார்ட்டின் சொன்னதேதான். ஆனால் அந்தத் தீர்மானத்தில் மார்ட்டின் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது உன் விஷயம். நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. கப்பலில் நிற்பது நீ, நான் இல்லை. ஒருவேளை கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருப்பாய், அப்பன் சொன்னான் என்று. போட்டிருந்தால் அதில் பாதி என் கையெழுத்து. நான் ஈஸ்டர் அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். கோர்ஸுக்கு வாங்கிய கடனை நினைத்து எதையும் செய்யாதே. பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடமும் பேசிவிட்டேன். வேலை போய் நீ பையோடு வாசலில் வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டோம். நீ எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நின்றாலும் நான் எழுதுவேன். பதில் வராவிட்டாலும் எழுதுவேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது, உப்பு நன்றாக விளைகிறது என்கிறார்கள். தங்கச்சி பரீட்சை முடிந்துவிட்டது. நீ வந்தால் தருவதற்கு அம்மா சீலா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், என்னைத் தொடவிடுவதில்லை.

திங்கட்கிழமை உன் பிறந்தநாள். காலைப் பூசைக்குக் கருத்துக் கொடுத்திருக்கிறேன். சீட்டில் உன் பெயரை எழுதினேன். உப்பளத்து அக்கா பெயரை எழுதினேன், அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. மூன்றாவதாக அந்த பிலிப்பைன்ஸ்காரருக்காக எழுதப் போனபோதுதான், அவர் பெயரை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் கோயில் பிள்ளையிடம் சீட்டைக் கொடுக்க வேண்டும். அவர் பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்டு அனுப்பு.

அன்புடன்
அப்பா